50 வெள்ளி பெட்ரோல் பிரஷர் கேஜ் பெட்டி: ஸ்டார்ட் ஆகாத பழைய காருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

இணையக் கடைகளில் பல பெயர்களில், சிவப்பு அல்லது கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியில் விற்கப்படுவது பெரும்பாலும் ஒரே சாமான்தான். 0 முதல் 140 பிஎஸ்ஐ வரை காட்டும் வட்டக் கேஜ், ஒரு ரப்பர் ஹோஸ், பிரஷரை இறக்க ஒரு பட்டன், இறங்கும் பெட்ரோல் வெளியேற மெல்லிய ஒளிபுகும் குழாய், அதோடு கைநிறைய பித்தளை இணைப்புகள். விலை 50 வெள்ளியைத் தாண்டுவது அரிது.

பழைய இன்ஜெக்‌ஷன் கார் வைத்திருப்பவர்கள் இதை வாங்கலாம். ஆனால் பெட்டியைத் திறந்த கையோடு நம் சிங்கப்பூர்க் கார்களில் மாட்ட முடியாது. உள்ளே இருப்பதில் முக்கால்வாசி நமக்கு ஆகாது. ஆகிற கால்வாசியோடு பத்து, பதினைந்து வெள்ளிச் சாமான் சேர்த்தால், தேவையில்லாமல் ஒரு பெட்ரோல் பம்ப் மாற்றும் செலவைத் தவிர்க்கிற கருவியாகிவிடும்.

இங்கே அந்தச் செலவு சின்ன விஷயமில்லை. வாகன உரிமைச் சான்றிதழைப் பத்தாண்டுக்குப் புதுப்பித்து, 14 வயது தாண்டியதும் சாலை வரியோடு 50 விழுக்காடு கூடுதல் கட்டணமும் கட்டி, ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோய்த்தான் ஒருவர் பழைய காரை வைத்திருக்கிறார். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை என்றதும் எடுத்த எடுப்பில் எல்லார் வாயிலும் வருவது பெட்ரோல் பம்ப்தான். பம்ப் மாற்றியும் பிடிக்காவிட்டால் அடுத்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், அதற்கடுத்து எஞ்சினை இயக்கும் கணினியான இசியு. அளந்து பார்க்காமல் மாற்றும் ஒவ்வொரு பாகமும் வீண் செலவு. அந்த வரிசையை முதல் படியிலேயே நிறுத்துவதுதான் இந்தக் கேஜின் வேலை.

பெட்டிக்குள் எது நமக்கு, எது ஆகாது

இந்தப் பெட்டியை வடிவமைத்தவர்கள் அமெரிக்கக் கார்களை மனத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கே பல ஃபோர்டு, ஜிஎம் கார்களின் ஃபியூவல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் குழாயில்) டயர் வால்வு போன்ற ஷ்ரேடர் வால்வு இருக்கும். கேஜைத் திருகி மாட்டினால் வேலை முடிந்தது. நம் சாலைகளில் இன்னும் ஓடுகிற தொண்ணூறுகளின் கொரோலா, சிவிக், சன்னி, லான்சர் போன்றவற்றில் அந்த வால்வைத் தேடினால் கிடைக்காது. ஆகவே ஷ்ரேடர் அடாப்டர்கள் எல்லாம் பெட்டியிலேயே கிடக்கும்.

நமக்கு வேண்டியவை இரண்டே வகை. ஒன்று, 8 மில்லிமீட்டர் ஹோஸின் நடுவே மாட்டும் T வடிவ டி இணைப்பு. இரண்டு, 12 மில்லிமீட்டர் பாஞ்சோ போல்ட் (நடுவே பெட்ரோல் போகத் துளையுள்ள போல்ட்) இணைப்பு. வாங்கும் முன் விற்பவர் போட்டிருக்கும் படத்தில் இவை இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாத பெட்டி விலை குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

தரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய. கேஜ் பரவாயில்லை. கூட வருகிற ஹோஸ் துண்டுகளை நம்பக் கூடாது. இன்ஜெக்‌ஷன் காரின் லைனில் 40, 50 பிஎஸ்ஐ ஓடுகிறது; மிகுந்த பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் அடைத்துக்கொண்டால் அதற்கு மேலும் ஏறும். ஹோஸின் மேல் எஸ்ஏஇ ஜே30ஆர்9 என்று அச்சடித்திருக்க வேண்டும். ஜே30ஆர்7 என்று இருந்தால் அது கார்புரேட்டர் கார் ஹோஸ், 50 பிஎஸ்ஐ வரைக்கும்தான் தாங்கும். எதுவுமே அச்சடிக்காத ஹோஸைக் குப்பையில் போடுங்கள். ஜாலான் புசார் பக்கத்து உதிரிபாகக் கடைகளில் அல்லது காக்கி புக்கிட், சின் மிங் பட்டறைகளில் கேட்டால் 8 மில்லிமீட்டர் இன்ஜெக்‌ஷன் ஹோஸை வெட்டித் தருவார்கள். அரை மீட்டர் போதும்.

கிளாம்பும் அப்படித்தான். பெட்டியில் வருவது பட்டையில் துளைத்த பல்லுள்ள கிளாம்ப். இறுக்கினால் அந்தப் பல் ரப்பரை அறுக்கும். பட்டையின் ஓரம் மேல்நோக்கி மடிந்த, உள்பக்கம் வழுவழுப்பான இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். பாஞ்சோ இணைப்புக்கு அலுமினிய வாஷர் எட்டாவது இருக்கட்டும். ஒருமுறை நசுங்கிய வாஷரைத் திரும்பப் போட்டால் கசியும். டெஃப்லான் டேப்பை மட்டும் இந்த லைனுக்குள் எங்கும் சுற்றாதீர்கள். அதன் பிசிறு ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் உள்ளே போனால் நேரே இன்ஜெக்டர் முனையில் போய் உட்காரும்.

பெட்ரோல் படுமுன் கேஜைக் காற்றில் சோதித்துவிடலாம். பெட்டியில் டயர் வால்வின் மரைக்குப் பொருந்தும் அடாப்டர் இருந்தால், பெட்ரோல் நிலையத்தில் டயரை 240 கிலோபாஸ்கலுக்கு நிரப்பிவிட்டுக் கேஜை மாட்டுங்கள். 35 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும் (100 கிலோபாஸ்கல் என்பது 14.5 பிஎஸ்ஐ). இரண்டு பிஎஸ்ஐ கூடக் குறைய இருந்தால் கவலையில்லை. முள் மெதுவாக இறங்கினாலோ பட்டன் பக்கம் சோப்புத் தண்ணீர் குமிழி விட்டாலோ பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மலிவுப் பெட்டிகளில் அதிகம் கசிவது அந்தப் பட்டன்தான்.

மாட்டும் முன்

அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்திலோ அடித்தளத்திலோ பெட்ரோல் லைனைத் திறக்க வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, தள்ளி நிற்கும் இன்னொரு காரின் பொறிக்கும் போய்ச் சேரும். ஹோஸ், பாஞ்சோ வேலையெல்லாம் பட்டறையில், காற்றோட்டமான இடத்தில், ஏபிசி பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதுதான். கார் நின்ற இடத்திலேயே செய்யக்கூடியவை பின்னால் வருகிற மின்சாரச் சோதனைகள். அவற்றை முதலில் முடித்துவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிட்டாலும் நஷ்டமில்லை. விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் எதையும் திறக்காதீர்கள். விரைவுச்சாலைகளைக் கண்காணிக்கும் இமாஸ் சேவையின் இழுவை வண்டி அருகிலுள்ள கார் நிறுத்துமிடம்வரை இலவசமாகக் கொண்டுபோய் விடும்.

லைனில் எஞ்சியிருக்கும் பிரஷரை இறக்க, பம்ப் ஃபியூஸை அல்லது ரிலேயைக் கழற்றிவிட்டு ஐந்து விநாடி வீதம் இரண்டு மூன்று முறை செல்ஃப் அடியுங்கள். பெட்ரோல் மூடியைத் திறந்து மூடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பிறகு போல்ட்டின்மேல் தடித்த துணியைப் போர்த்தி, கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். இன்ஜெக்டர் திறக்காமல் இருந்தால், செல்ஃப் அடித்தும் பிரஷர் முழுதாக இறங்கியிருக்காது. ஸ்டார்ட் ஆகாத காரில் இதற்கு வாய்ப்பு அதிகம் என்பதால் துணியும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

எங்கே மாட்டுவது என்பது காரைப் பொறுத்தது. நிசான் ஜிஏ எஞ்சின்களில் ஃபில்டருக்கும் ரெயிலுக்கும் நடுவே ரப்பர் ஹோஸ் இருக்கிறது. அங்கே டி இணைப்பு, மிகச் சுலபம். டொயோட்டா 4ஏ-எஃப்இ, 4இ-எஃப்இ வகைகளில் ஃபில்டரின் மேல்பக்க பாஞ்சோ. தொண்ணூறுகளின் ஹோண்டாவில் ஃபில்டரின் பாஞ்சோ போல்ட் தலையிலேயே 6 மில்லிமீட்டர் சர்வீஸ் போல்ட் ஒன்று இருக்கும். அதற்கான அடாப்டர் எல்லாப் பெட்டியிலும் வருவதில்லை. வந்தால் நல்லது, வராவிட்டால் பாஞ்சோவையே மாற்றி மாட்ட வேண்டும். எந்த வழியானாலும் பெரிய போல்ட்டை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருப்புங்கள். இல்லையென்றால் துருப்பிடித்த இரும்புக் குழாய் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் அந்தக் குழாயைத் தேடி அலைய வேண்டும். மிட்சுபிஷி 4ஜி வகைகளில் ரெயிலுக்குள் போகும் ஹோஸ் ஃபிளாஞ்சில் ஓ-ரிங்கோடு உட்கார்ந்திருக்கும். அதைத் தொடாமல் ஃபில்டர் பக்கமே மாட்டுவது நல்லது.

பித்தளை அடாப்டரின் மரையைக் காரின் சொந்த போல்ட்டோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். விரலால் மூன்று சுற்று தடையின்றி இறங்க வேண்டும். ஸ்பானர் போட்டால்தான் இறங்கும் என்றால் அது அந்தக் காருக்கான மரையில்லை.

முள் சொல்வது என்ன

பலர் தவறுவது இங்கேதான். கையேட்டில் இரண்டு எண்கள் இருக்கும்: பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் (எஞ்சின் உறிஞ்சும் இழுப்பு) ஹோஸ் மாட்டிய நிலையில் ஐடிலிங்கில் ஒன்று, கழற்றிய நிலையில் ஒன்று. ஓடாத எஞ்சினில் வேக்குவம் கிடையாது. செல்ஃப் அடிக்கும்போதும் பெரிதாக இருக்காது. ஆகவே ஸ்டார்ட் ஆகாத காரை ஒப்பிட வேண்டியது வேக்குவம் கழற்றிய நிலையின் எண்ணோடு. டொயோட்டா 4ஏ-எஃப்இயில் அது 38 முதல் 44 பிஎஸ்ஐ. நிசான் ஜிஏ16டிஇயில் 43 அளவு. ஹோண்டா டி வகைகளில் 40ஐத் தாண்டி. மிட்சுபிஷியின் டர்போ இல்லாத 4ஜி எஞ்சின்கள் பலவற்றில் 47 முதல் 50. நிசானில் 34 காட்டுகிறது, கையேட்டிலும் ஐடிலிங்குக்கு 34 என்று இருக்கிறது, எனவே சரி என்று விட்டுவிட்டால் பம்ப் தளர்ந்திருப்பது கண்ணில் படாமலே போகும்.

சாவியை ஆன் செய்ததும் பெரும்பாலான கார்களில் பம்ப் இரண்டு விநாடி ஓடி நிற்கும், முள் குதிக்கும். சில பழைய டொயோட்டாக்களில் ஆன் செய்தால் ஓடாது, செல்ஃப் அடித்தால்தான் ஓடும். அது பழுதன்று. எஞ்சின் அறையில் இருக்கும் சிறிய டயக்னோசிஸ் பெட்டியில் +பி, எஃப்பி என்ற இரண்டு துளைகளையும் ஒரு கம்பியால் இணைத்துச் சாவியை ஆன் செய்தால் பம்ப் விடாமல் ஓடும். டொயோட்டா வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

முள் அசையவே இல்லை, டேங்க் வாயில் காது வைத்தால் சத்தமும் இல்லை என்றால் கேஜின் வேலை முடிந்தது, இனி மல்டிமீட்டர். பம்பின் பிளக்கில் அந்த இரண்டு விநாடியில், அல்லது செல்ஃப் அடிக்கும்போது, பேட்டரி வோல்ட்டுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வர வேண்டும். பேட்டரிக்கும் பம்புக்கும் இடையில் ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் வயரோ எர்த்தோ ரிலேயோ சரியில்லை. வோல்ட் முழுதாக வந்தும் பம்ப் சுற்றாவிட்டால் மட்டுமே பம்பைச் சந்தேகியுங்கள். ஃபியூஸைக் கழற்றி அந்த இடத்தில் மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் அளவையை வைத்தால் இன்னும் தெளிவு. நல்ல பம்ப் 4 முதல் 7 ஆம்பியர் இழுக்கும். பூஜ்யம் என்றால் வயர் அல்லது மோட்டார் அறுந்திருக்கிறது. 10ஐத் தொட்டால் மோட்டார் இறுகியிருக்கிறது.

சத்தம் வருகிறது, முள் 15, 20ல் நிற்கிறது என்றால் ரிட்டர்ன் லைனைச் சோதியுங்கள். ரிட்டர்ன் ஹோஸை ஹோஸ் இடுக்கியால் ஒரு விநாடி மட்டும் மெல்ல நெருக்குங்கள். முள் விருட்டென்று ஏறினால் பம்ப் நல்லது, ரெகுலேட்டர் கெட்டது. ஏறாவிட்டால் ஃபில்டர், டேங்க்குக்குள் இருக்கும் வலை, பம்புக்கு மேலே உள்ள குட்டி ஹோஸ், கடைசியாகப் பம்ப். அந்தக் குட்டி ஹோஸைப் பலர் மறந்துவிடுவார்கள். டேங்க்குக்குள் பெட்ரோலிலேயே ஊறி விரிசல் விடும். பம்ப் முழு வேகத்தில் ஓடினாலும் பெட்ரோல் டேங்க்குக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஜப்பானியக் கார்கள் பலவற்றில் பின் இருக்கைக்கு அடியில் மூடியைக் கழற்றினாலே அதைப் பார்க்கலாம். மாற்றும்போது பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதற்கென்றே செய்த ஹோஸ்தான் போட வேண்டும். வெளியில் போடும் ஜே30ஆர்9 டேங்க்குக்குள் வெளிப்பக்கத்திலிருந்து கரையத் தொடங்கும்; ஜே30ஆர்10 என்று கேளுங்கள்.

ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைப் பிடுங்கிப் பார்ப்பதற்குக் கேஜே தேவையில்லை. உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. எஞ்சின் பெட்ரோலில் மூழ்கிப் பிடிக்காமல் போவதற்கு அதுவே போதும்.

நம் வெயிலுக்கு மிகவும் பயன்படுவது பிரஷர் நிற்கிறதா என்ற சோதனை. காலையில் ஒரே அடியில் பிடிக்கிறது, கடைக்குப் போய்விட்டு இருபது நிமிடம் கழித்து வந்தால் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் அதிகம் கேட்கிற புகார் இது. எஞ்சினை நிறுத்திய பின் எஞ்சின் அறைக்குள் சூடு ஏறும். லைனில் பிரஷர் இருக்கும்வரை பெட்ரோல் திரவமாகவே நிற்கும். இறங்கிவிட்டால் ரெயிலில் ஆவியாகும். டொயோட்டாவின் அளவுப்படி நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்தும் 21 பிஎஸ்ஐக்குக் குறையக் கூடாது. குறைந்தால் எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி: பம்பை ஓட்டி நிறுத்தியதும் கேஜுக்கு முன்னால், டேங்க் பக்கம் வரும் ஹோஸை நெருக்குங்கள். முள் நின்றால் பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு தேய்ந்திருக்கிறது. நிற்காவிட்டால் ரிட்டர்னையும் நெருக்குங்கள். இப்போது நின்றால் ரெகுலேட்டர். இரண்டையும் நெருக்கியும் இறங்கினால் ஏதோ ஓர் இன்ஜெக்டர் சொட்டுகிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாகவோ கரியாகவோ இருப்பதுதான் அந்தச் சிலிண்டர். நெருக்குவதற்குக் காரின் இருபது வயது ஹோஸைத் தொடாதீர்கள், விரிசல் விடும். டி இணைப்போடும் ரிட்டர்னிலும் நீங்கள் புதிதாகப் போட்ட ஹோஸையே நெருக்குங்கள். அரை மீட்டர் வாங்கச் சொன்னது இதற்காகவும்தான்.

பம்பின் வால்வு மட்டும் தேய்ந்திருந்தால் உடனே பம்ப் மாற்றத் தேவையில்லை என்பது என் கருத்து. சாவியை ஆன் செய்து இரண்டு விநாடி பொறுத்து, ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்து, அதற்குப் பிறகு செல்ஃப் அடித்தால் பெரும்பாலும் பிடிக்கும். ஓடும்போது பிரஷர் சரியாக இருக்கும்வரை இப்படியே ஓட்டலாம்.

கூடவே வாங்க வேண்டிய நாய்டு விளக்கு

பிரஷர் சரி, எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் அடுத்த கேள்வி, இசியு இன்ஜெக்டரைத் திறக்கச் சொல்கிறதா என்பது. இன்ஜெக்டர் பிளக்கைக் கழற்றி அதில் நாய்டு விளக்கைச் செருகிச் செல்ஃப் அடித்தால் விளக்கு துடிக்க வேண்டும். ஆறு விளக்கு உள்ள பெட்டி 15 வெள்ளிக்குள் கிடைக்கிறது. இதிலும் அதே குறைதான்: ஆறில் நமக்குப் பொருந்துவது பாஷ் என்று குறித்திருக்கும் ஒன்று. அதுவும் எல்லா ஜப்பானிய பிளக்கிலும் ஏறாது.

அதனால் இந்தப் பெட்டியை வாங்கச் சொல்ல எனக்கு மனமில்லை. சிம் லிம் டவரில் ஒரு எல்இடி, ஒரு கிலோஓம் ரெசிஸ்டர், இரண்டு மெல்லிய ஊசி முனை வயர் வாங்கி ஒன்றாகச் சால்டர் செய்தால் அதே வேலையைச் செய்யும். எல்இடியின் பாசிட்டிவ் பக்கம் 12 வோல்ட் வரும் முனைக்கு, மற்றது இசியு முனைக்கு. மாறிப் போனால் எரியாது, அவ்வளவே. இன்ஜெக்டரைக் கழற்றாமல் பிளக்கின் பின்பக்கமாகவே ஊசியைச் செருகலாம் என்பதால் எந்தக் காருக்கும் பொருந்தும். சாதாரண 12 வோல்ட் பல்பு வைத்த டெஸ்டரை மட்டும் இசியு முனையில் வைக்காதீர்கள். அது இழுக்கும் மின்சாரம் இசியுவின் டிரைவரை (இன்ஜெக்டரைத் திறந்து மூடும் உள் சுற்றை) கெடுத்துவிடலாம்.

துடிக்கிறது, ஸ்பார்க் பிளக்கில் பொறியும் வருகிறது, பிரஷரும் இருக்கிறது என்றால் இன்ஜெக்‌ஷனைத் தேடுவதை நிறுத்திவிட்டு டைமிங் பெல்ட்டையும் கம்ப்ரஷனையும் பாருங்கள். செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, இழுவையே இல்லாமல் சுற்றினால் பெல்ட் அறுந்திருக்கலாம். துடிப்பும் இல்லை, பொறியும் இல்லை என்றால் இரண்டுக்கும் பொதுவானது கெட்டிருக்கிறது: கிராங்க் சென்சார், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சென்சார், அல்லது இசியுவுக்கு வரும் கரண்ட். பொறி உண்டு, துடிப்பு இல்லை என்றால் இன்ஜெக்டர் பிளக்கின் ஒரு முனையில் சாவி ஆனில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். விளக்கு துடிக்காமல் விடாது எரிந்தால் வயர் எங்கோ எர்த்தில் படுகிறது அல்லது இசியுவின் டிரைவர் போய்விட்டது. அந்த இன்ஜெக்டர் திறந்தே கிடந்து சிலிண்டரை நிரப்பும். அப்படியென்றால் மேற்கொண்டு செல்ஃப் அடிக்கக் கூடாது. சிலிண்டருக்குள் பெட்ரோல் நிரம்பியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் முன்னால் பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் வேறு எந்த அளவையும் நம்பாதீர்கள்.

கார் வாரியாகத் தெரிந்த பலவீனங்கள்

ஹோண்டாவில் முதல் சந்தேகம் மெயின் ரிலே. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் இந்தப் பெட்டிக்குள் சால்டர் முனைகளைச் சுற்றி முடி போன்ற விரிசல் விழும். குளிர்ந்திருக்கும்போது ஒட்டிக்கொள்ளும், வெயிலில் நின்ற காரில் விலகும். வெயிலில் ஸ்டார்ட் ஆகாமல், கதவைத் திறந்து வைத்துச் சற்று ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் பெரும்பாலும் இதுதான். சாவியை ஆன் செய்ததும் கேட்கும் இரண்டு விநாடி பம்ப் சத்தம் அந்த நேரத்தில் வராது. கழற்றிப் பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் சரியாகிவிடும். பம்பைத் தொட வேண்டியதே இல்லை.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்த மிட்சுபிஷிகளில் இசியுவுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர்கள் கசியும். மூடியைத் திறந்தால் மீன் வாடை அடிக்கும், பலகையில் பழுப்புக் கறை இருக்கும். கறை செப்புக் கோடுகளை அரிப்பதற்குள் 105 பாகை தாங்கும் கப்பாசிட்டர் மாற்றினால் இசியு பிழைக்கும். நிசானில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எண்ணெய் இறங்கிச் சென்சாரை மறைக்கும்; மூடியைக் கழற்றினாலே தெரியும்.

எந்தக் காரானாலும் தண்ணீர் சூட்டுச் சென்சாரை அளந்துவிடுங்கள். நம் ஊர்க் காலை நேரத்தில், இரவெல்லாம் நின்ற எஞ்சினில், டொயோட்டா வகைச் சென்சார் சுமார் ஒன்றரை முதல் இரண்டு கிலோஓம் காட்டும். 80 பாகையில் 200 முதல் 400 ஓமுக்கு இறங்கும். சூடான எஞ்சினிலும் பல கிலோஓம் காட்டினால் இசியு எஞ்சினைக் குளிர்ந்ததாக நினைத்துப் பெட்ரோலை அள்ளி ஊற்றும். பிடிக்காது, பிளக் நனையும். அப்படி மூழ்கிய எஞ்சினுக்கு ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிப்பது பல கார்களில் இன்ஜெக்டரை நிறுத்தி எஞ்சினை உலர்த்தும்.

பின்னாளில் மாட்டிய அலாரம் உள்ள காரில் அந்த வயரிங்கையும் பாருங்கள். பம்ப் அல்லது செல்ஃப் லைனை வெட்டி நடுவில் ஒரு ரிலே வைத்திருப்பார்கள். பதினைந்து ஆண்டுக்கு முன் டேப் சுற்றிய முறுக்கு இணைப்பு இன்றைக்கும் கெட்டியாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஸ்கேனர் வாங்கலாமா

2000க்கு முந்தைய ஜப்பானியக் காருக்கு வேண்டாம். ஸ்கேனரைச் செருகும் 16 முனை சாக்கெட்டே இருக்காது. சிலவற்றில் இருந்தாலும் மலிவு புளூடூத் ஸ்கேனரோடு பேசாது. டொயோட்டாவில் டிஇ1, இ1 துளைகளை இணைத்துச் செக் எஞ்சின் விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணிப் பழுதுக் குறியீட்டைப் படிக்கலாம். ஹோண்டா, நிசானுக்கும் இதேபோல வழி உண்டு. செலவில்லை. ஆனால் பிரஷர் குறைவு, ஹோஸ் விரிசல், தேய்ந்த வால்வு எதுவும் குறியீட்டில் வராது. ஸ்டார்ட் ஆகாத காருக்கு ஸ்கேனரா, கேஜா என்று கேட்டால் தயங்காமல் கேஜ்.

யாருக்கு ஆகாது

பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினின் உயர் அழுத்தப் பக்கத்தில் இந்தக் கேஜை ஒருபோதும் மாட்டாதீர்கள். அங்கே இருப்பது கேஜ் காட்டும் 10 பாரில்லை (ஒரு பார் 14.5 பிஎஸ்ஐ), 50 முதல் 200 பார். கசியும் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போகும். டீசல் காமன் ரெயிலுக்கும் அதே எச்சரிக்கை. கேஇ-ஜெட்ரானிக் என்ற பழைய முறையில் பெட்ரோல் பீய்ச்சும் மெர்சிடிஸ் வைத்திருப்பவர்களுக்குக் கேஜின் எல்லை போதும். ஆனால் 5 பாருக்கு மேல் ஓடும் அந்த லைனுக்குப் பெட்டியிலிருக்கும் இணைப்புகள் பொருந்தாது; மேல் அறை, கீழ் அறைப் பிரஷரைத் தனித்தனியாகப் பார்க்க வால்வு வைத்த வேறு செட் வேண்டும்.

மற்றவர்கள் வாங்கி, ஹோஸும் கிளாம்பும் மாற்றி, காற்றில் சோதித்து வையுங்கள். கார் நன்றாக ஓடும்போதே ஒருமுறை மாட்டி, ஐடிலிங்கில் எவ்வளவு, வேக்குவம் கழற்றினால் எவ்வளவு, நிறுத்தி ஐந்து நிமிடத்தில் எவ்வளவு என்று மூன்று எண்களைப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். கழற்றும்போது புது வாஷர் போட்டு, சாவியை மூன்று முறை ஆன் செய்து, விரலால் தடவி ஈரமில்லை என்று பார்த்த பிறகே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள்.